ஏழாம் எண் வண்டியில் என் மகள்

என் மகள் வேலைக்குச் சேரும் முதல் நாளன்று அவளை வேறொரு கம்பெனியின் பேருந்தில் ஏற்றி அனுப்பியவள் நான்தான். அவளாக ஏறவில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளினேன். எங்கள் வீட்டில் இந்தக் கதை வரும்போதெல்லாம் என் கணவர், வண்டி மாறிப்போய்விட்டது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்ப்பார். வண்டி மாறவில்லை. அது ஒவ்வொரு நாளும் போகிற வழியில் ஒழுங்காகத்தான் போனது.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்கும் கண்ணாடியில் 7 என்று ஒட்டிய வெள்ளைப் பேருந்து எதிரில் வந்தால் ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது. மறு நொடியே சிரிப்பு பொங்கி வருகிறது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. ஓரமாக நிறுத்தி, இரண்டும் அடங்கிய பிறகுதான் கிளம்புகிறேன்.

நாங்கள் படப்பையில் இருக்கிறோம். ஒரு தனியார் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். கவலைப்படுவது என் இரண்டாவது தொழில். மகள் துணி எடுக்க மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆனால் நானும் படியேறிவிடுவேன். டிப்ளமா முடித்து ஓராண்டு வீட்டில் இருந்தவளுக்கு, ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பணி கிடைத்தது. எங்கள் ஊருக்குக் கம்பெனியின் ஏழாம் எண் பேருந்து வரும் என்று கடிதத்தில் இருந்தது. அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. சேரும் நாளன்று காலை ஏழு மணிக்குள் வாயிலில் இல்லாதவர்களின் இடம், காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மகள் ஒரே முறை படித்துவிட்டுத் தூங்கப் போனாள்.

எங்கள் நிறுத்தத்தில் காலை ஐந்து மணியிலிருந்து கம்பெனிப் பேருந்துகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் வெள்ளை. நாலைந்து ஒப்பந்தக்காரர்கள்தான் எல்லாக் கம்பெனிகளுக்கும் வண்டி விடுகிறார்கள் என்பதால் ஒரே உருவம், ஒரே ஆரன் சத்தம். கண்ணாடியில் தடம் எண் பெரிதாக இருக்கும். கம்பெனியின் பெயர் அட்டை, ஓட்டுநரின் சாமி படத்துக்குப் பக்கத்தில் சின்னதாகச் சாய்ந்து கிடக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிகளுக்குத் தானாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொள்வதால், ஊரில் ஓடுவது ஒரு ஏழு இல்லை, பல ஏழுகள். அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. நான் ஸ்கூட்டரில் போகிறவள்.

நிறுத்தத்தின் நிழற்குடையில் தினமும் நாலைந்து முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் காலத்திலும் மப்ளர் சுற்றிய ஒருவர் நடுவில் இருப்பார். எழுபதைத் தாண்டியவர். பக்கத்தில், வெற்றிலை மென்றபடி அறுபத்தைந்துக்கு மேல் ஒரு பெண்மணி. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். இந்த இருவரும் நிரந்தரம். இந்தச் சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்பு எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இவர்களைப் பற்றிக் குறைபட்டார். வேலைக்குப் போகிறவர்கள் நிற்க, வேலை இல்லாதவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்றார். ஊராட்சிக்கு மனு கொடுப்பதென்று முடிவானது. மனு எழுதத் தமிழ் டீச்சரை விட்டால் வேறு யார்? நான்தான் எழுதினேன். 'பயனின்றிப் பொழுது கழிக்கும் முதியோர்' என்ற சொற்றொடர் முழுக்க முழுக்க என்னுடையது. எழுதி முடித்து, திருப்தியாக இன்னொரு முறை படித்தும் பார்த்தேன்.

அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்கு 'முதியோரைப் போற்றுவோம்' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். நாற்பத்திரண்டு நோட்டுகள். நாற்பத்திரண்டிலும் முதியோர் நம் சமுதாயத்தின் சொத்து என்று முதல் வரி. நாற்பத்திரண்டுக்கும் சிவப்பு மையில் 'நன்று' போட்டேன். மனுவில் கையெழுத்திட்டதும் அதே மேசையில்தான்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். ஐந்தரைக்கே நிறுத்தத்துக்குப் போய்விட்டோம். நீ வராதே என்று மகள் சொன்னாள். போனேன். தொழிற்சாலைக்குள் கேமரா உள்ள போன் கூடாது என்று கடிதத்தில் இருந்ததால், அவள் போனை முன்னெச்சரிக்கையாக நானே வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். என் முன்னெச்சரிக்கைகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். எந்தக் கம்பெனி என்று மப்ளர்காரர் கேட்டதற்கு மகள் பெயரைச் சொல்ல, பேச்சை வளர்க்காதே என்று அவளை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஐந்தே முக்காலுக்கு ஒரு 7 வந்தது. இருட்டு இன்னும் முழுதாகக் கலையவில்லை. வண்டி நிற்பதற்குள் நான் மகளின் தோள்பையைப் பிடித்துவிட்டேன். அட்டையைப் பார்க்கணும் அம்மா என்றாள் அவள். ஏழுதானே, ஏறு என்றேன். அவள் குனிந்து கண்ணாடியைப் பார்க்க முயன்றாள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், உன்னால் எல்லோருக்கும் தாமதம் என்று முதுகில் கை வைத்தேன். அப்போது நிழற்குடையிலிருந்து மப்ளர்காரர் குரல் கொடுத்தார்.

"டீச்சர், அது உங்க வண்டி இல்ல."

தெளிவாகக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். என் மகள் எந்த வண்டியில் போகிறாள் என்பது இவருக்கு எதற்கு என்று எரிச்சல்கூட வந்தது. அவர் இரண்டாம் முறை சொன்னபோது இன்னும் வேகமாகத் தள்ளினேன். கதவு மூடியது. பேருந்து போனது. ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்ட நிம்மதியில் புடவையைச் சரிசெய்துகொண்டேன். அந்த நிம்மதி ஏழெட்டு நிமிடம் இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் கவலையில்லாமல் இருந்ததே இல்லை.

அடுத்த 7 வந்தது. இந்த முறை, ஏற்றுவதற்கு ஆள் இல்லாததால், அட்டையைப் படித்தேன். கடிதத்தில் இருந்த அதே பெயர். ஓட்டுநர் என்னைப் பார்த்து, புதுசா யாராவது ஏறணுமா என்று கேட்டார். முன்னால் போன வண்டியின் திசையில் கையைக் காட்டினேன். அவரும் போய்விட்டார்.

கைப்பையைத் திறந்து மகளுக்குப் போன் செய்தேன். கைப்பைக்குள் இருந்தே மணி அடித்தது. அதை எடுத்துக் காதில் வைத்து ஹலோ என்றேன். உண்மையாகவே சொன்னேன். பெண்மணி வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு எழுந்து வந்து, இரண்டு போன்களையும் என் கையிலிருந்து வாங்கி அணைத்து, பையில் போட்டு ஜிப்பை மூடினார்.

மப்ளர்காரர் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நான் சொன்னேன் இல்ல" என்றார். அவ்வளவுதான். அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். நானாக இருந்தால் ஆயுசு முழுக்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு விசாரணை தொடங்கியது. ஏழு என்று போட்டுக்கொண்டு காலையில் மூன்று வண்டி வரும் என்றார். முதல் ஏழுக்குப் பச்சைத் திரை, அது ஐந்தேகாலுக்கே போய்விடும். இரண்டாவது ஏழுக்குத் திரையே கிடையாது, பின்பக்கம் இடது விளக்கு எரியாது; என் மகள் போனது அதில். மூன்றாவதுதான் அவள் போக வேண்டியது. தவறான ஏழு மணிமங்கலத்துக்குள் போய் ஆள் ஏற்றிக்கொண்டு, உள்வழியாகவே சுற்றி மெயின் ரோட்டைப் பிடிக்கும், திரும்ப இந்தப் பக்கம் வராது. ஆறு இருபத்தைந்துக்கு ஒரகடம் பாலத்துக்குக் கீழே வந்து, இடது பக்கம் சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் திரும்பிவிடும். மகளின் கம்பெனியோ வலது பக்கம். திரும்பிவிட்டால் ஏழு மணிக்குள் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. இதையெல்லாம் அவர் எந்தத் தாளையும் பார்க்காமல், மப்ளரை இறுக்கியபடி, பஞ்சாங்கம் வாசிப்பதுபோல் சொன்னார்.

உங்களுக்கு எப்படி இவ்வளவும் தெரியும் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன். அவருக்குப் பதிலாகப் பெண்மணி சொன்னார்.

"எப்டி தெரியும்? இங்க வர்ற புள்ளைங்க பாதி பேரு தெக்க இருந்து வருது. மதுரைன்னுது, ராமநாதபுரம்ன்னுது. வண்டி எதுன்னு தெரியாம முழிக்கும். இவருதான் நீ இதுல ஏறு, நீ அதுல ஏறுன்னு பிரிச்சி அனுப்புறாரு. நாலு வருசமா இதான் வேல. வேடிக்க பாத்துகினு கீறோம்னு நெனச்சிக்கினியா?"

நினைத்தது மட்டுமில்லை, எழுத்திலும் கொடுத்திருந்தேன். ஆனால் அதைச் சொல்ல அப்போது தெம்பு இல்லை.

மப்ளர்காரர் பட்டன் போனை எடுத்தார். ஒரகடம் பாலத்துக்குக் கீழே தினமும் காலையில் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு நிற்பாராம். நெடுஞ்சாலைத் துறையில் ரோடு போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷிப்டுக்கு நடந்து போகிற பெண்கள் சாலையைக் கடக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஒருநாள் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தியிருக்கிறார். நின்றிருக்கின்றன. மறுநாள் ஒரு விசில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். போக்குவரத்துக் காவலர்கள் முதலில் விரட்டினார்கள், பிறகு ஒரு ஆரஞ்சுச் சட்டையைக் கொடுத்துவிட்டார்கள். அவரிடம் மப்ளர்காரர் சுருக்கமாகப் பேசினார். ரெண்டாவது ஏழை நிறுத்து, திரும்ப விடாதே, பச்சைச் சுடிதார் போட்ட டீச்சர் பொண்ணை இறக்கு. ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "அவங்க அம்மா ஏத்தி வுட்டுட்டாங்க" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நீங்களும் வாருங்கள் என்று கெஞ்சினேன். முடியாது, இன்னும் பதினோரு வண்டி இருக்கிறது, நான் எழுந்து போனால் யார் பார்ப்பது என்றார். ஒரு நிலைய அதிகாரி விடுப்பு மறுக்கும் தோரணை. பெண்மணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தார். உள்ளே ஏற்கெனவே ஆறு பேர். எங்களையும் சேர்த்து எட்டு. அவர் என் மடியில் பாதி, பக்கத்துப் பையனின் சாப்பாட்டுப் பையின் மேல் மீதி.

"ஆயா, சேர்ந்துடுவோமா?" என்றேன்.

"ஆயாவா? நீ இன்னா பால்வாடி புள்ளையா? உனக்கும் எனக்கும் பதினெட்டு இருவது வயசு வித்தியாசம் இருக்குமா? அக்கான்னு கூப்புடு."

அக்கா என்று கூப்பிட்டேன். உடனே அழுகை வந்தது. அழுதுகொண்டே, நிழற்குடையைப் பற்றி மனு எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கடவுள் என்னைத் தண்டிக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஆட்டோவில் இருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா அசரவில்லை. "தெரியும்" என்றார். "ஊராட்சில கூப்ட்டு காட்டினாங்க. வண்டி பிரிச்சி அனுப்புறாரே, அவருதான் எங்களுக்கு படிச்சி காட்டினாரு. தமிழ் நல்லா கீதுன்னாரு. ஒரு பிழை கூட இல்லியாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே மூக்கு வழியாக வந்தன. அந்த மனுவைத் திரும்பப் பெற நான் பட்ட பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால், கொடுத்த மனுவைத் திருப்பித் தர வழியில்லை, வேண்டுமானால் அதை மறுத்து இன்னொரு மனு கொடுங்கள் என்றார்கள். அதையும் நானே எழுதினேன். நிழற்குடைக்கு முதுகு சாய்க்க ஒரு கம்பி போட வேண்டும் என்ற கோரிக்கையையும் கூடவே வைத்தேன். எழுத்தர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். இரட்டைப் பிறவி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

ஆட்டோவில் அக்கா அடுத்த வேலையில் இறங்கியிருந்தார். அறுபது வயதாகும்வரை அவர் என் மகளின் கம்பெனியில்தான் தரை துடைத்தாராம். அறுபது ஆனதும் ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். இப்போது ஒரு பெண்கள் ஹாஸ்டலில் பகல் வேளையில் காய் நறுக்குகிறார். ஆனால் கம்பெனி வாயிலில் நிற்கும் செக்யூரிட்டி பழைய ஆள். அறுபத்து மூன்று வயது, வேறு ஒப்பந்தத்தில் இருப்பதால் தப்பித்தவர். அவருக்குப் போன் போட்டார். புதிதாகச் சேருகிற பிள்ளைகளை எப்போது உள்ளே விடுவீர்கள் என்று கேட்டார். அவர்களின் தாள்களைச் சரிபார்த்து ஏழு மணிக்குள் எல்லோரையும் அனுப்பிவிட்டு, வராதவர்கள் பெயரை எழுதி உள்ளே கொடுக்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினார். "ஏங்க, ஒங்களுக்கு கண்ணு எப்டி கீது?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"ஆப்ரேசன் பண்ணி நல்லா கீதா? ரொம்ப சந்தோசம். இன்னிக்கு ஒரு நாளு நல்லா இல்லன்னு வெச்சிக்கோங்க."

பாலத்தை நெருங்கும்போதே விசில் சத்தம் கேட்டது. அப்படி ஒரு விசிலை நான் விளையாட்டு விழாவில்கூடக் கேட்டதில்லை. நாங்கள் இறங்கி ஓடினோம். நான் ஓடினேன், அக்கா நடந்தார், இருவரும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். இடது பக்கம் திரும்ப இருந்த அந்த 7, மூக்கு மட்டும் திரும்பிய நிலையில் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர், உள்ளங்கையை நீட்டி, கண் இமைக்காமல் நின்றார். பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் ஆரன் அடித்தன. வழியில் யாரையும் இறக்கக் கூடாது என்று கம்பெனி விதி இருப்பதாக ஓட்டுநர் கத்தினார். இறங்க வேண்டிய ஆள் உன் கம்பெனியே இல்லை, அப்புறம் உன் விதி எப்படி அந்தப் பெண்ணுக்குச் செல்லும் என்று இவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். கதவு திறந்தது.

என் மகள் படியிலேயே நின்றிருந்தாள். மணிமங்கலம் போவதற்குள்ளேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். அரை மணி நேரமாக ஓட்டுநரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாளாம். கீழே இறங்கி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திரும்பி, வண்டிக்குள் பார்த்து, "வாங்கடி" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். இருவர் கையிலும் அதே கடிதம். அதே கம்பெனி. அதே நாள். முந்தின நாள்தான் பரமக்குடிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் இறங்கியவர்கள். நீங்கள் எப்படி இதில் ஏறினீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நீங்க அம்புட்டு தெளிவா ஏத்திவிட்டீகளே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நாங்களும் பின்னாலயே ஏறிட்டோம்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மகளைத் தள்ளிய பிறகு, பின்னால் தயங்கி நின்ற யாரோ ஒரு பெண்ணின் பையைத் தூக்கிக் கொடுத்து, ஏறும்மா சீக்கிரம் என்றுகூடச் சொன்னேன். ஒரு சமூக சேவை செய்த நினைவு அது.

விசில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணுன்னு தான சொன்னாங்க" என்றார். அக்கா, ஒண்ணைத் தேடி வந்தோம், மூணாகக் கிடைத்திருக்கிறது, சந்தோசப்படுங்கள் என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வெற்றிலைச் சிவப்போடு அவர் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்களும் சிரித்துவிட்டார்கள். ஏழு மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்கூட இல்லை. மூன்று பேரின் வேலை என் கையால் போகப் போகிறது. நானும் சிரித்தேன். நிறுத்தவே முடியவில்லை. விசில்காரர் வலது பக்கச் சாலையில் வந்த ஒரு காலி ஷேர் ஆட்டோவை விசிலாலேயே பிடித்து நிறுத்தினார். ஓட்டுநர் அபராதம் என்று நினைத்து நடுங்கிப்போய் எங்களை ஏற்றிக்கொண்டார்.

அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் ஆட்டோ போன போக்கை விவரிக்க மாட்டேன். வழக்கமாக நான் ஆட்டோவில் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வருவேன். அன்று பின்னாலிருந்து ஓட்டுநரின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தேன். வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு கடந்து ஆறு நிமிடம்.

எல்லாம் முடிந்தது என்று இறங்கினேன். வாயிலில் ஒரு வரிசை நின்றது. புதிதாகச் சேர வந்த பிள்ளைகள், பதினேழு பேர், எல்லோரும் வெளியே. வரிசையின் தலையில் நரைத்த மீசையுடன் செக்யூரிட்டி, ஒரு சான்றிதழைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பிறகு தூரமாகப் பிடித்து, பிறகு வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பெயரைப் படித்தார். அப்பா பெயரைப் படித்தார். ஊரைப் படித்து, அந்த ஊரில் தேர் எப்போது என்று கேட்டார். பக்கத்தில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு சூப்பர்வைசர், கழுத்தில் அட்டையோடு, தவித்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, லைன் ஸ்டார்ட் ஆகப் போகுது. சீக்கிரம் வுடுங்க."

"இன்னா சார் பண்றது. வயசாவுது இல்ல. எழுத்து அலையுது."

எங்கள் ஆட்டோ வந்ததை அவர் பார்க்கவில்லை. அதாவது, பார்க்கவே இல்லாத ஒருவர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். மூன்று பெண்களும் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றார்கள். பதினேழு இருபதானது. அந்த நொடியில் பெரியவருக்குப் பார்வை திரும்பியது. அப்படி ஒரு வேகத்தை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. தாளை வாங்குவதும் கொடுப்பதும் கண்ணுக்கே தெரியவில்லை. நீ போ, நீ போ, நீ போ. என் மகளின் கடிதத்தை வாங்கி, அதைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து, "டீச்சர் பொண்ணா?" என்றார். அவள் தலையாட்டினாள். உள்ளே போனாள். பரமக்குடிப் பெண்கள் இருவரும் போனார்கள். கதவு மூடியது. வராதவர்கள் பட்டியலில் 'இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தார். சூப்பர்வைசர் அதை வாங்கிக்கொண்டு, மருத்துவமனையில் கண்ணைக் காட்டுங்கள் தாத்தா என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு ஓடினார்.

நான் கைகூப்பினேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைக் காட்டினார்.

"இவங்கதானா?" என்றார். "எம்மா, மூணரைக்கு ஷிப்ட் வுடும். சரியான வண்டில நானே பாத்து ஏத்தி வுடறேன். நீங்க மட்டும் ஏத்தறதுக்கு வந்துடாதீங்க."

வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் அக்கா ஹாஸ்டலில் இறங்கிக்கொண்டார். காய் நறுக்க அரை மணி தாமதம் என்று அவரைத் திட்டுவார்களாம். நான் வந்து சொல்கிறேன் என்றேன். நீ வராமல் இருப்பதே உதவி என்றார். தனியாக ஆட்டோவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மப்ளர்காரர் எழுபத்திரண்டு, அக்கா அறுபத்தேழு, விசில்காரர் எழுபது, செக்யூரிட்டி அறுபத்து மூன்று. மொத்தம் இருநூற்று எழுபத்திரண்டு வயது சேர்ந்து மூன்று பெண்களை ஏழு மணிக்குள், அல்லது அவர்கள் ஏழு என்று சொன்ன நேரத்துக்குள், வாயிலுக்குள் சேர்த்திருக்கிறது. இதில் மூன்று பேரின் வேலைக்குச் சம்பளம் இல்லை, அட்டை இல்லை, அது வேலை என்ற பெயரே இல்லை. நான் எழுதியிருந்த சொற்றொடரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். அது தமிழாகவே தோன்றவில்லை.

அன்று ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது நடுநடுவே சிரித்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் சிரிப்பு போய்ப் பழைய கவலை வந்தது. மூன்று மணிக்குக் கவலை அதிகமானது. பெரியவர் பார்த்து ஏற்றுவார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டேன். கடைசி மணி அடித்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன். ஏற்றுவதற்குத்தானே வரக் கூடாது என்றார், இறங்குவதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே. மகள் பார்த்தால் மானம் போய்விடும் என்பதால் திரும்பி வரும் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்குள் போய், இருமல் மருந்து விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

நான்கு இருபதுக்கு ஒரு 7 வந்தது. பெயர் அட்டையைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். மறுபக்கம் கதவு திறந்தது. வண்டி மறைத்துக்கொண்டு நின்றதால் யார் இறங்குகிறார்கள் என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். கால்கள் மட்டும் தெரிந்தன. வண்டி நகர மறுத்தது. மருந்துக்கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார், கையைக் காட்டி இருங்கள் என்றேன். ஒருவழியாக வண்டி நகர்ந்தபோது, முதலில் தெரிந்தது மப்ளர். மாலையிலும் அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. சாலையின் இரு பக்கமும் கேட்கும்படி, வாயைச் சுற்றிக் கைகளைக் குவித்து அவர் குரல் கொடுத்தார்.

"டீச்சர், மூணும் வந்துட்ச்சி. வெளிய வாங்க."

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் மருந்துக்கடைப் பக்கம் திரும்பினார்கள். என் மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கடைக்காரர் மறுபடியும் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.